உப்புப் பார்க்கிற மாஸ்டர்

ஜன்னல் ஓரத்துல நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேடிக்கை பார்க்கிற வயசெல்லாம் போயிருச்சு. திருச்சிக்கு முன்னாடி ஏர்போர்ட் ஸ்டாப்புலயே நான் எறங்கிருவேன், அப்புறம் ரெண்டு சீட்டும் உங்களுக்குத்தான். என்னது, டிபனா? வேணாம் சார், நீங்க சாப்பிடுங்க. புளியோதரைதானே? மூடியத் தொறக்காமயே சொல்லிருவேன், வயசு பூரா அடுப்படியிலயே கழிஞ்சவன். ஆனா அடுத்தவங்க சமைச்சதை வாயில வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன், ஏதாவது சொல்லிப்புடுவேன். இந்த வாயாலதான் எம் பொண்டாட்டி மஸ்கட்டுல போய் உக்காந்துக்கிட்டா.

கோவிச்சுக்கிட்டுப் போகலை சார். மக பிரசவத்துக்குப் போனா. போற அன்னைக்கு, பெட்டியெல்லாம் வாசல்ல வச்சாச்சு, கார் வந்துருச்சு, அப்பவும் எனக்கு இட்லி ஊத்தி சட்னி அரைச்சு வச்சிட்டுத்தான் சேலை மாத்தினா. நான் ஒரு வாய் வச்சேன். ‘உப்பு கம்மி’ன்னேன். உண்மையாவே கம்மி சார்! மீனா, அதான் மீனாள், கையில இருந்த பைய கீழ வச்சா. ‘போயிட்டு வான்னு ஒரு வார்த்தை வராதா உங்க வாயில? இனி நீங்களா எப்ப வர்றேன்னு கேட்டாத்தான் வருவேன்’னா. ‘கேட்டாத்தானே’ன்னு நானும் சொல்லிட்டேன். மூணு மாசம்னு போனவ. பேரனுக்குப் பல்லு மொளைச்சிருச்சு, இன்னும் வரலை. போன் பேசுவோம். பேரன் சிரிக்கிறது, அங்க வெயிலு, இங்க மழை, எல்லாம் பேசுவோம். அந்த ஒரு கேள்விய மட்டும் நான் கேக்கலை. ஆம்பளைன்னா ஒரு இது வேணும்ல.

மத்தபடி நான் நல்லாத்தான் இருந்தேன் சார். ராத்திரிக்கு ரெண்டு பன்னு, ஒரு டீ. டிவி ரிமோட்டு நம்ம கையில. என்ன கொறச்சல்?

நான் வேலை பார்க்கிறது ஒரு கேட்டரிங் இன்ஸ்டிடியூட்டு, காரைக்குடிக்கு இந்தப் பக்கம். ஓட்டலுக்கும் கப்பலுக்கும் சமையல்காரங்களைத் தயார் பண்ற ஒரு வருசக் கோர்ஸ். பசங்க, பொண்ணுங்க எல்லாம் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறாங்க. நான்தான் அங்க மாஸ்டர், வைரவன் மாஸ்டர்னா தெரியும். போன வருசம் ஒரு பையன் பாதியிலயே பெட்டியக் கட்டிட்டுப் போயிட்டான். ஏன் போனான், எதுக்குப் போனான், ஒருத்தருக்கும் தெரியலை. நல்ல கைப்பக்குவம் அவனுக்கு. எனக்கே மனசு கேக்கலை. அதனால இந்த வருசம் பிரின்ஸ்பால் மேடம், ‘பசங்க மனநலத்தைப் பார்த்துக்க ஒரு பொறுப்பாளர் வேணும்’னாங்க. இருந்த வாத்தியாருங்க எல்லாம் புள்ளை டியூஷன், மாமியாருக்கு சுகர்னு நழுவிட்டாங்க. மேடம் என் பக்கம் திரும்பி, ‘மாஸ்டர், உங்களுக்குத்தான் வீட்டுல ஆள் இல்லையே, சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க’ன்னாங்க. அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னு தெரியலை.

மதுரையில ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க சார். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அருமையாச் சொன்னாங்க. மனசு சரியில்லாதவங்களுக்குப் பசிக்காதாம். தூக்கம் வராதாம். சின்ன விசயத்துக்கெல்லாம் கோவம் பொத்துக்கிட்டு வருமாம். யாரும் கேக்காமயே ‘நான் நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம். ‘அப்படி யாரையாவது பார்த்தா விட்டுறாதீங்க’ன்னாங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன், எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒருத்தரும் இல்லை. அப்புறம் இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாங்க, ஒத்திகைன்னு. ஒருத்தர்கிட்டப் பேசப் பயப்படுறவங்களை, அவங்க எதுத்தாப்ல இருக்கிறதா நெனச்சுப் பேசிப் பார்க்கச் சொல்லணும். பேசிப் பழகிட்டா பயம் விட்டுருமாம். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மத்தியானச் சாப்பாடு மட்டும் வெளங்கலை. பெரிய ஓட்டல் சாம்பார், உப்பே இல்ல. அந்த ஓட்டல் மாஸ்டருக்கு வீட்டுல என்ன கஷ்டமோன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் சார் எனக்கு ஒண்ணு பளிச்சுன்னுச்சு. பசங்களைக் கூப்பிட்டு வச்சு ‘உனக்கு மனசுல என்ன’ன்னா எவன் சொல்லுவான்? ஆனா சமையக்காரன் மனசு எங்கயோ இருந்தா உப்பு எங்கயோ போகும். இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சது. காதல்ல இருக்கிறவன் அள்ளிப் போடுவான், கவலையில இருக்கிறவன் போட மறந்துருவான். என் கிச்சன்ல ஒரு சட்டம் உண்டு: நான் உப்புப் பார்க்காம ஒரு சட்டி அடுப்பை விட்டு எறங்காது. வேற எவனும் கரண்டிய நாக்குல வைக்கப்படாது. பத்து நாக்கு பார்த்தா பத்துத் தடவை உப்பு விழும் சார், அதனால பார்க்கிற நாக்கு ஒண்ணுதான், அது என் நாக்குதான். சரி, எப்படியும் தெனம் உப்புப் பார்க்கிறோம், அதுலயே பசங்க மனசையும் பார்த்துருவோம்னு ஆரம்பிச்சேன்.

மொத ஆளு முத்திருளன். கமுதிப் பக்கம். நாலு தடவை கேட்டா ஒரு தடவை பதில் சொல்ற பையன். அவன் சாம்பாரை வாயில வச்சேன். வெறும் வெந்நி! உப்புங்கிற பேச்சே இல்ல. தனியாக் கூட்டிட்டுப் போய் ‘யாருப்பா அந்தப் பொண்ணு’ன்னேன். ‘எந்தப் பொண்ணு மாஸ்டர்?’ன்னான். ‘வீட்டுல சண்டையா, கடன் தொல்லையா, படிப்பு பிடிக்கலையா’ன்னேன். எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு தலையாட்டுறான். பார்த்தீங்களா, மறைக்கிறான்! விடுவேனா? அவங்க அப்பாவுக்குப் போனைப் போட்டேன். அந்த மனுசன் ஆடு குட்டியெல்லாம் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சிட்டு, ஊர்ப் பூசாரியையும் கூட்டிக்கிட்டு மறுநாளே வந்து எறங்கிட்டாரு. கிச்சன் நடுவுல நிக்க வச்சு வேப்பிலை அடிச்சாங்க. கேஸ் அடுப்பு மேலெல்லாம் திருநீறு. எல்லாம் முடிஞ்சு பையன் என்கிட்ட வந்து, ‘மாஸ்டர், இதுவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல, இப்பத்தான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு’ன்னான். நான் முதுகுல தட்டிக் குடுத்தேன். வாயத் தொறந்துட்டான்ல, அதுவே பாதிக் குணம்.

அதோட முடியலை சார். அடுத்து ஜெனிட்டா. ராமேஸ்வரத்துப் பக்கம், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. கடல் தண்ணியிலயே பொறந்து வளர்ந்த புள்ளை, அவ வச்ச மீன் கொழம்புல உப்பு இல்லைன்னா நீங்க நம்புவீங்களா? அப்புறம் பிரியாணி போட்டவன், வத்தக் கொழம்பு வச்சவன், ஒவ்வொருத்தனா உப்பில்லை. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. மொத்த பேட்ச்சுக்குமே மனசு சரியில்லைன்னா நான் ஒத்த ஆளு என்ன செய்வேன்? போன வருசமாவது ஒருத்தன் போனான், இந்த வருசம் ஹாஸ்டலே காலியாயிரும் போல இருக்கேன்னு ராத்திரி தூக்கமே போச்சு.

சும்மா விடலை. ரெண்டு வழியிலயும் மருந்து குடுத்தேன். ஒண்ணு, சட்டிக்குச் சட்டி நானே உப்பை அள்ளிப் போட வச்சேன். ‘மாஸ்டர், போதும் மாஸ்டர்’னு கதறுவாங்க. ‘போடுறா’ன்னு ஒரு அதட்டு. அங்க சமைக்கிறதைத்தான் மத்தியானம் அவங்களே சாப்பிடணும். சாப்பிட்டுட்டு ஹாஸ்டல் தண்ணி டிரம்மை மாத்தி மாத்திக் காலி பண்ணுவாங்க. பசங்க நல்லாத் தண்ணி குடிக்கிறாங்க, ஒடம்பும் மனசும் தெளியுதுன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டாவது, காலையில சிரிப்புப் பயிற்சி. வரிசையா நின்னு ஆளுக்கொரு கரண்டியத் தூக்கிக்கிட்டு ‘ஹா ஹா ஹா’ன்னு சிரிக்கணும். சிரிக்காதவன் சாயங்காலம் சின்ன வெங்காயம் உரிக்கணும். எல்லாரும் சிரிச்சுட்டா? அத்தனையும் நானே உக்காந்து உரிச்சிருவேன். எனக்கு அது பிடிக்கும் சார். இருட்டுற நேரத்துல வீட்டுக்குப் போறதை விட அங்க உக்காந்து உரிக்கலாம். கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். வெங்காயம்ல.

இதுக்கு நடுவுல பரீட்சை வேற நெருங்கிருச்சு. மெட்ராஸ் ஓட்டல்லேருந்து ஒரு பெரிய செஃப் வந்து ஒவ்வொருத்தர் சமையலையும் வாயில வச்சுப் பார்த்து மார்க்குப் போடுவாரு. அவரு வேணாம்னு தட்டைத் தள்ளிட்டா சர்ட்டிபிகேட் கெடையாது, கப்பல் வேலையும் கெடையாது, ஒரு வருசம் பாழு. ஜெனிட்டா என் முன்னாடி வந்து நின்னு, ‘மாஸ்டர், அவரு நாக்கு வேற மாதிரி இருந்தா என்ன பண்றது?’ன்னா. வந்துச்சு பாருங்க எனக்கு ஒரு கோவம்! ‘நாக்குல என்னடி வேற மாதிரி? உப்புன்னா உப்புதான்!’னு கத்துன கத்துல ஒரு தட்டு கீழ விழுந்துருச்சு. அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு. அந்தப் புள்ளை தட்டை எடுத்து வச்சிட்டுப் போயிருச்சு.

மறுநாள் அவளும் முத்திருளனும் ஆளுக்கொரு கிண்ணத்துல ரசம் கொண்டாந்து வச்சாங்க. ‘மாஸ்டர், உப்புப் பாருங்க.’ ஒண்ணைக் குடிச்சேன், உப்பு கம்மின்னேன். இன்னொண்ணைக் குடிச்சேன், இதுலயும் கம்மிதான்னேன். ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிச்சுங்க. நான் போனதும் என்னமோ விளையாட்டுக்கு முத்திருளன் அந்த ரெண்டாவது கிண்ணத்துல ஒரு சொட்டு நாக்குல வச்சுட்டு வாஷ்பேசினுக்கு ஓடினானாம். ஓமட்டிக்கிட்டு வந்துச்சாம். நான்தான் சொல்றேனே, அந்தப் பையனுக்கு ஒடம்பே சரியில்ல.

ஆனா ஒண்ணு சார், அந்த நாள்லேருந்து பசங்க என்கிட்ட மனசைத் தொறக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதான் எனக்குப் பெருமை. சாயங்காலமானா ரெண்டு பேரு வந்துருவாங்க. ‘மாஸ்டர், மனசு என்னமோ மாதிரி இருக்கு, உங்க வீட்டுக்கு வந்து பேசட்டுமா?’ம்பாங்க. வாங்கன்னு கூட்டிட்டுப் போவேன். வந்ததுங்க சும்மா இருக்குதுங்களா? ‘சாப்பிட்டுக்கிட்டே பேசுனாத்தான் எங்களுக்குப் பேச்சு வரும்’னு அடுப்பைப் பத்த வைக்குதுங்க. உப்பு ஜாடியத் தொறந்த ஜெனிட்டா, ‘என்ன மாஸ்டர், உப்பு கல்லா எறுகிக் கெடக்கு’ன்னா. கத்தியால குத்தி எடுத்தா பாவம். நான் சாப்பிடலைன்னா அதுங்களும் சாப்பிடாதாம். அதுங்களுக்காக நான் தெனம் ரெண்டு வாய் சோறு சாப்பிட வேண்டியதாப் போச்சு. ஒரு பொறுப்புன்னு எடுத்துட்டா இந்த மாதிரி தியாகமெல்லாம் பண்ணித்தான் ஆகணும் சார். நானும் டாக்டரம்மா சொன்ன மாதிரி காது குடுத்துக் கேப்பேன். அதுங்க என்ன கேக்குதுங்கன்னா, ‘அம்மா என்ன மாஸ்டர் நல்லாச் சமைப்பாங்க, நீங்க மொத மொத அம்மாவை எங்க பார்த்தீங்க’ன்னு என்னையவே கேக்குதுங்க. நானும் பேசிக்கிட்டே இருப்பேன். அதுல அதுங்களுக்கு ஒரு ஆறுதல் போல.

ஒரு நாள் ஜெனிட்டா ஒரு கஷ்டத்தைக் கொண்டாந்தா. அவளுக்கு இல்லையாம், சிநேகிதி ஒருத்திக்காம். சிநேகிதியோட அம்மா வெளியூரு போயிருக்காங்களாம். அப்பாவா வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு இருக்காங்களாம். அந்த ஆளு கூப்பிடவே மாட்டேங்குறாராம். ‘சாப்பிடவும் மாட்டேங்குறாரு, தூங்கவும் மாட்டேங்குறாரு, எங்களைப் போட்டு வதைக்கிறாரு’ன்னா. எங்களைன்னு சொன்னாளா, அவளைன்னு சொன்னாளா, சரியா ஞாபகமில்ல. எனக்கு அந்த ஆளு மேல வந்த ஆத்திரம் இருக்கே! ‘யாருடி அந்த வடிகட்டுன முட்டாள்? வீட்டுக்காரிய வான்னு கூப்பிட்டா தலையில இருக்கிற கிரீடம் எறங்கிருமா? அந்தப் பொம்பளை அங்க உக்காந்து தெனமும் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்துக்கிட்டிருப்பா!’ன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன். முத்திருளன் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவன் தோளு குலுங்குது. பாவம், எளகின மனசு, அழுதுட்டான்.

‘அவருக்கு எப்படிக் கேக்கறதுன்னே தெரியலையாம். ஒத்திகை பார்க்கணும்னு சொல்லுவீங்கல்ல மாஸ்டர், நீங்க பேசிக் காட்டுங்க, நான் அப்படியே போய்ச் சொல்லிடுறேன்’னா ஜெனிட்டா. நல்ல விசயம்தானேன்னு ஒத்துக்கிட்டேன். முத்திருளன் அவன் போனை எடுத்து, ‘கையில போன் இருந்தாத்தான் பேச்சு வரும்’னு குடுத்தான். காதுல வச்சேன். சும்மாதானேன்னு தைரியமா ஆரம்பிச்சேன். ‘ஏ புள்ள, எப்ப வர்றே?’ன்னேன். அப்புறம் பாருங்க, பேச்சு அது பாட்டுக்கு வருது. ‘வீடு வீடா இல்ல புள்ள. கதவைத் தொறந்தா ஒரு சத்தம் இல்ல. நான் அன்னைக்குச் சட்னியப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது. வந்துரு’ன்னேன்.

போனுக்குள்ளேருந்து ஒரு விசும்பல் கேக்குது சார். ‘இதைக் கேக்க இத்தனை மாசமா?’ங்குது. எம் பொண்டாட்டி குரலு!

முத்திருளன் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ‘அய்யய்யோ, கை பட்டுருச்சு போல மாஸ்டர்’னான். ஹாஸ்டல் அவசரத்துக்குன்னு என் நம்பரு, மீனா நம்பரு எல்லாம் அவங்ககிட்டக் குடுத்து வச்சிருந்தேன், எப்படியோ அழுந்திருச்சு. இந்தக் காலத்துப் போனு, தொட்டாலே போயிருது. அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரலை. நெசத்தைச் சொல்றேன் சார், தேம்பித் தேம்பி அழுதுட்டேன். பசங்க முன்னாடி. அன்னைக்கு ஒரு வெங்காயம்கூட உரிக்கலை.

அதிசயம் என்னன்னா, மறுநாள் முத்திருளன் சாம்பாரை வாயில வச்சேன். உப்பு கணக்கா இருக்கு! ஜெனிட்டா மீன் கொழம்பு, கணக்கா இருக்கு. மொத்த பேட்ச்சும் ஒரே ராத்திரியில குணம்! நான் அழுததைப் பார்த்துச் சிரிச்சாங்களோ என்னமோ, மனப்பாரமெல்லாம் எறங்கிருச்சு. ‘கணக்கா இருக்குடா’ன்னேன் பாருங்க, கரண்டியத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டலே ஆடுச்சு. பரீட்சைக்கு வந்த செஃப்பு ஒரு தட்டைக்கூடத் தள்ளலை. ‘உப்பு ஒவ்வொண்ணுலயும் அச்சு மாதிரி விழுந்திருக்கே’ன்னாரு. ஒருத்தர்கூடப் பெட்டியக் கட்டலை சார் இந்த வருசம். மேடம் எனக்கு சால்வை போட்டாங்க. நான் மைக்குல, ‘மனசுன்னா என்னன்னு பசங்களுக்குப் புரிய வச்சேன், அவ்வளவுதான்’னேன். பசங்க விழுந்து விழுந்து கைதட்டினாங்க.

மீனா இன்னிக்குத்தான் வர்றா. ஜெனிட்டாதான் இந்தச் சட்டைய எடுத்துக் குடுத்து, தொளதொளன்னு இருக்குன்னு பின்னும் குத்தி விட்டா. கீரனூர் தாண்டிருச்சா? நெஞ்சு அடிச்சுக்குது சார், மொத மொதப் பொண்ணு பார்க்கப் போன மாதிரி. சரி, சும்மா இருந்தா இன்னும் படபடங்குது. குடுங்க, அந்தப் புளியோதரையில ஒரு வாய்.

சார்.

கோவிச்சுக்காதீங்க. இதுல உப்பே இல்ல. கம்மி இல்ல சார், சுத்தமா இல்ல. பாதி டப்பா சாப்பிட்டிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியவே இல்லையா? யாரு செஞ்சது? நீங்களேவா? வீட்டுல அவங்க? ம். எப்பலேருந்து? அடப்பாவமே. இந்தா இருக்கிற புதுக்கோட்டைதானா அவங்க அம்மா வீடு? இப்பத்தானே சார் தாண்டி வந்தோம், பஸ்ஸு அங்க அவ்வளவு நேரம் நின்னுச்சே!

நல்லாத்தான் இருக்கீங்களா? சரி சார், நல்லா இருங்க. நான் ஒண்ணும் கேக்கலையே.

அந்தப் போனை இப்படிக் காட்டுங்க பாப்பம். சும்மா ஒத்திகைதான், கையில ஒரு போன் இருந்தாத்தான் பேச்சு வரும். பேரு என்னன்னு போட்டு வச்சிருக்கீங்க? ‘வீடு’ன்னா? நல்லா இருக்கு. நான் கண்ணாடி வேற எடுத்துட்டு வரலை, எது எங்க இருக்குன்னே தெரியலை...

அய்யய்யோ. கை பட்டுருச்சு போல சார். ரிங் போகுது.

இந்தாங்க, பிடிங்க. உப்பைப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாதீங்க.